தாய்வீடு இல்லாத ஊர்

நெய்வேலியில் பிறந்து, நெய்வேலியிலேயே படித்து, அங்கிருந்தே மாலையும் கழுத்துமாகப் புக்ககம் போன ஒரு பெண்ணிடம், "உனக்குச் சொந்த ஊர் எது, அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சட்டென்று வராது. "அப்பாவுக்குக் கும்பகோணம் பக்கம், அம்மாவுக்குத் திருநெல்வேலி, நாங்கள் வளர்ந்தது நெய்வேலி" என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வாள். "நெய்வேலியில் உங்கள் வீடு எங்கே?" என்று மேலும் துருவினால், "பத்தாம் வட்டத்தில் இருந்தது" என்பாள். "இருக்கிறது" என்று சொல்ல மாட்டாள்.

அந்த "இருந்தது" என்ற ஒரு வார்த்தையில்தான் இந்த ஊரின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. விசாலமான சாலைகள், இரு புறமும் நிழல் தரும் மரங்கள், வீட்டுக்கு வீடு தோட்டம், குழாயைத் திருகினால் தண்ணீர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு, கோயில் எல்லாம் உண்டு. 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் பேர் அங்கே குடியிருந்தார்கள். ஆனால் அந்த க்வார்ட்டர்ஸ்களில் குடித்தனம் செய்கிறவர்களின் இரும்புப் பெட்டியைத் துழாவினால் அந்த வீட்டுக்குப் பத்திரம் மட்டும் கிடைக்காது! வீடெல்லாம் கம்பெனியுடையது. உத்தியோகம் உள்ளவரை வீடு. உத்தியோகம் முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் புறப்பட வேண்டியதுதான்.

கிணற்றில் வந்த கரி

இந்த ஊருக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு கிணறு. 1935-ம் வருஷ வாக்கில், அப்போதைய தென்னார்க்காடு ஜில்லாவில், ஜம்புலிங்க முதலியார் என்ற நிலச்சுவான்தார் தம் நிலத்தில் குழாய்க் கிணறு இறக்கினார். அந்தப் பிரதேசத்துக் கிணறுகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஏற்றமும் வேண்டாம், கவலையும் வேண்டாம் (கவலை என்பது இங்கே மாடு கட்டி இறைக்கும் கவலை, மற்றக் கவலை எந்த விவசாயியையும் விட்டதில்லை). குழாயை இறக்கிவிட்டால் பூமிக்குள் இருக்கும் அழுத்தத்தினால் தண்ணீர் தானே பொங்கி மேலே வரும். முதலியார் கிணற்றில் தண்ணீரோடு கூடக் கறுப்பாக ஏதோ வந்தது. வேறொருவராக இருந்தால், "நல்ல தண்ணீர் கெட்டுப் போச்சே!" என்று தலையில் கையை வைத்துக் கொண்டு அடுத்த கிணற்றுக்கு இடம் பார்த்திருப்பார். முதலியாரோ அந்தக் கறுப்பு இன்னதென்று தெரிந்து கொள்ளாமல் விடுவதில்லை என்று அதைச் சர்க்காரின் கவனத்துக்குக் கொண்டு போனார். பின்னால் அது பழுப்பு நிலக்கரி என்று ஊர்ஜிதமாகித் திட்டம் உருவான போது, தம்முடைய நிலத்தில் அறுநூறு ஏக்கருக்கு மேல் அதற்காகக் கொடுத்தார்.

பின்னி கம்பெனியார் துளை போட்டுப் பார்த்தார்கள். இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகா பார்த்தது. சுதந்திரம் வந்த பிறகு சென்னை சர்க்கார் ஒரு பரீட்சைக் குழியே தோண்டிப் பார்த்தது. காமராஜர் முதன் மந்திரியாக இருந்த காலத்தில், 1956-ம் வருஷம் நவம்பர் 14-ந் தேதி, நெய்வேலி லிக்னைட் கார்ப்பொரேஷன் பதிவாயிற்று. அன்று நேருவின் பிறந்த தினம். நேருவே 1957 மே 20-ந் தேதி நெய்வேலிக்கு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்.

கரி கிடைத்தால் சுரங்கம் வரட்டும். பெரிய நகரமே வருவானேன்? நல்ல கேள்வி. பழுப்பு நிலக்கரி என்பது மரமாகவும் இல்லாமல், முழுக் கரியாகவும் ஆகாமல், பாதி வழியில் நின்றுவிட்ட பண்டம். அதன் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். அதை ரயிலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினால் பாதிக் கூலி தண்ணீருக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆகையால் தோண்டிய இடத்திலேயே எரித்து மின்சாரமாக்கிக் கம்பி வழியே அனுப்புவதுதான் கட்டும். அப்படியானால் குழியின் வாயிலேயே மின் நிலையம் வேண்டும். மின் நிலையத்துக்கும் சுரங்கத்துக்கும் இரவு பகலாக ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும். அவர்களை முந்திரித் தோப்பிலும் பொட்டல் காட்டிலும் படுக்கச் சொல்ல முடியுமா? பெண்டாட்டி பிள்ளைகளுடன் வந்தால்தான் மனிதன் ஓரிடத்தில் நிலைப்பான். எனவே ஊரே கரியைத் தேடிக் கொண்டு வந்தது.

சுரங்கம் என்றதும் இருட்டுக் குகையை நினைத்துக் கொள்ள வேண்டாம். நெய்வேலிச் சுரங்கம் வானம் பார்த்த பெரும் பள்ளம். மேல் மண்ணை அடுக்கடுக்காகச் சீவி எடுத்தால்தான் கீழே கரி தெரியும். ஒரு டன் கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அப்புறப்படுத்த வேண்டும். சக்கரத்தைச் சுற்றிலும் வாளிகளைக் கட்டியது போன்ற ராட்சச யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. கடலூர் மணற்பாறையோ அந்த ஜெர்மன் பற்களையே தேய்த்துவிட்டது! வாளியின் விளிம்பில் இருக்கும் உருக்குப் பற்கள் மளமளவென்று மழுங்க, வெடி வைத்துப் பாறையைத் தளர்த்திக் கொடுத்த பிறகுதான் யந்திரம் ஒழுங்காகத் தின்னத் தொடங்கியது. அடுத்த தொல்லை தண்ணீர். முதலியார் கிணற்றில் பொங்கிய அதே ஊற்று கரிக்கு அடியில் அழுத்தத்துடன் நின்றது. அதை இறைத்துக் கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்து கொண்டு மேலே வந்துவிடும். அன்று தொடங்கிய பம்புகள் இன்றும் ஓய்ந்தபாடில்லை. வெளியே எடுக்கும் கரியைப் போலப் பல மடங்கு எடை தண்ணீரை இறைக்கிறார்கள்.

1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் சோவியத் ரஷ்யாவின் உதவியுடன் கட்டிய மின் நிலையத்தின் முதல் யந்திரம் ஓடத் தொடங்கியது.

வட்டம் என்ன வட்டம்?

கரி தெரிவதற்கு முன்பே குடித்தனங்கள் வந்துவிட்டன. சுமார் ஐம்பது சதுர கிலோமீட்டர் நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுத்து, "வட்டம்" என்று பெயர் வைத்தார்கள். சதுரத்துக்கு வட்டம் என்று பெயர் வைத்த ஊர் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்! இப்படி முப்பது வட்டங்களுக்கு மேல் உண்டு. மற்ற ஊர்களில் தெருவுக்கு ஒரு ராஜாவின் பெயரோ, தெய்வத்தின் பெயரோ இருக்கும். இங்கே "எந்த வட்டம்?" என்று கேட்டால் நம்பர்தான் பதில்.

அந்த நாளில் இந்த வீடுகளுக்குக் குடிவந்த பெண்ணின் நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று ஒரே அடுப்பைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்த வீட்டிலிருந்து வருகிறாள். அங்கே கிணற்றில் நீர் சேந்த வேண்டும். ராந்தல் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைக்க வேண்டும். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெரும்பாலானவை மின்சார விளக்கைப் பார்த்திராதவை. இங்கே வந்தால் சுவரில் விளக்கு, சமையலறையில் குழாய், கொல்லையில் கக்கூஸ், முன்னும் பின்னும் கொஞ்சம் மண். இவை எல்லாவற்றையும் விடப் பெரிய சங்கதி, அடுப்பங்கரையில் அவள் ஒருத்திதான். "தனிக்குடித்தனம்" என்ற சொல் சண்டை போட்டுப் பிரிந்தவர்களைக் குறித்த காலத்தில், சண்டை இல்லாமலே தனிக்குடித்தனம் கிடைத்த பெண்கள் நெய்வேலிப் பெண்கள்.

ஆனால் தனிமை என்பதும் அதே வண்டியில்தான் வந்து இறங்கியது. பிள்ளைக்கு ஜுரம் என்றால் கஷாயம் வைத்துக் கொடுக்கப் பாட்டி கிடையாது. புருஷன் ராத்திரி ஷிப்டுக்குப் போய்விட்டால் வீட்டில் துணை கிடையாது. பகலில் அவர் தூங்கும் நேரத்தில் குழந்தைகளை வாயைப் பொத்திக் கொண்டு விளையாடச் சொல்ல வேண்டும். ஆகையால் பக்கத்து வீடுதான் பிறந்த வீடாயிற்று. பக்கத்து வீட்டுக்காரி கேரளத்துப் பெண்ணாக இருப்பாள். எதிர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். கோடி வீட்டில் வங்காளிக் குடும்பம். "அக்கா, கொஞ்சம் உறைமோர் கொடுங்கள்" என்று தொடங்கும் சிநேகிதம், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குத் துணை போவது வரையில் வளர்ந்துவிடும். ஜாதியும் பாஷையும் மேலத்தெரு, கீழத்தெரு என்று பிரிந்து கிடந்த ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு ஒரே வரிசையில் வீடு கொடுத்தது இந்த க்வார்ட்டர்ஸ். கட்டியவர்கள் அதற்காகவே கட்டினார்கள் என்று சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த வரிசையில் வீடு கொடுத்தார்கள். அதுவே பெரிய உபகாரமாயிற்று.

அதற்காக வேற்றுமையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்! ஜாதிக்குப் பதில் சம்பளம் வந்து உட்கார்ந்தது. தொழிலாளிக்கு ஒரு மாதிரி வீடு, குமாஸ்தாவுக்கு ஒரு மாதிரி, இஞ்ஜினீயருக்கு ஒரு மாதிரி, பெரிய அதிகாரிக்குப் பங்களா. வீட்டின் அளவு சம்பளத்தின் அளவைச் சொல்லிவிடும். புருஷனுக்குப் பிரமோஷன் வந்தால் வீடும் மாறும். பெரிய வீட்டுக்குப் போகிறோம் என்று சந்தோஷம் ஒரு பக்கம். பத்து வருஷம் பழகிய அக்காவையும், கையால் நட்ட முருங்கையையும் விட்டுப் போகிறோமே என்ற ஏக்கம் மறு பக்கம். பெண் பார்க்க வருகிறவர்கள் வட்டத்தின் நம்பரைக் கேட்டாலே போதும், "மாப்பிள்ளைக்கு என்ன செய்வீர்கள்?" என்பதற்குப் பாதி பதில் கிடைத்த மாதிரிதான்.

நெய்வேலியிலிருந்து மற்ற ஊர்ச் சமையலறைகளுக்கும் ஒன்று வந்தது. பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கிப் பதப்படுத்தி "லெகோ" என்ற பெயரில் விற்றார்களே, நினைவிருக்கிறதா? காஸ் அடுப்பு வராத வீடுகளில், புகை இல்லாமல் எரியும் அந்தக் கரிக்கு நல்ல மதிப்பு இருந்தது. கண்ணைக் கசக்கிக் கொண்டு ஊதாங்குழலை ஊதிய தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். 1960-களின் நடுவில் எழுந்த அந்தத் தொழிற்சாலையும், கூடவே வந்த யூரியா உரத் தொழிற்சாலையும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டன.

படிப்பு முடிந்தால் காலி

இப்படி "இருக்கும் வரை இரு" என்று கொடுக்கப்படும் வீடுகள் உலகத்துக்குப் புதிதல்ல. இரண்டாவது உலக மகாயுத்தம் முடிந்து வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, 1944-ல் செய்த ஒரு சட்டத்தின்படி, அரசாங்கச் செலவில் கல்லூரிப் படிப்பு கிடைத்தது. வந்தவர்களோ பிரம்மசாரிகள் மட்டும் அல்ல; மனைவியும் கைக்குழந்தையுமாக வந்து நின்றார்கள்! பல்கலைக் கழகங்கள் திகைத்துப் போய், ராணுவத்தின் உபரித் தகரக் கொட்டகைகளைக் கொண்டு வந்து போட்டு, மாணவர் குடும்பங்களுக்கென்றே தனி ஊர்களை உண்டாக்கின. புருஷன் பாடம் படிக்க, மனைவிமார்கள் முறை வைத்துக் கொண்டு ஒருவர் குழந்தையை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். பட்டம் வாங்கினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்தக் குடும்பங்களுக்கு அது ஐந்தாறு வருஷத்துக் கதை. வரும்போதே போகும் நாள் தெரியும். அடுத்த ஊரில் வாழ்க்கை காத்திருக்கிறது.

நெய்வேலியிலோ அந்தப் "படிப்பு" முப்பது, முப்பத்தைந்து வருஷம் நடக்கிறது. இருபத்தைந்து வயதில் வந்து, அங்கேயே பிள்ளை பெற்று, பள்ளிக்கு அனுப்பி, கல்யாணம் செய்து கொடுத்து, பேரன் பேத்தியையும் பார்த்த பிறகு, அறுபதாம் வயதில் காலி செய்யும் உத்தரவு வருகிறது. மாமரம் காய்க்கத் தொடங்கிப் பத்து வருஷம் ஆகியிருக்கும். யார் நட்டதாயிருந்தால் என்ன? காய் அடுத்து வரும் குடும்பத்துக்கு.

கம்பெனி வைத்ததே சட்டம் என்றால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. சிகாகோவுக்குப் பக்கத்தில் ரயில் வண்டி செய்த புல்மன் என்ற முதலாளி தம் தொழிலாளிகளுக்கு அழகான ஊர் ஒன்று கட்டினார். வியாபாரம் மந்தமானதும் கூலியைக் குறைத்தார். வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. 1894-ல் வெடித்த வேலை நிறுத்தம் நாட்டின் ரயில்களையே நிறுத்தியது. நெய்வேலியில் அந்தக் கஷ்டம் இல்லை. முதலாளி சர்க்கார், வாடகை சம்பளத்தில் பிடிக்கும் ஒரு சிறு தொகை. இங்கே வீட்டுக்காரர் நல்லவர்தான். அவர் நல்லவராக இருந்ததே ஒரு விதத்தில் வினை என்று கூடச் சொல்லலாம். சொற்ப வாடகையில் சுகமாக இருந்தவர்களில் பலர், வெளியே ஒரு மனை வாங்கிப் போட வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் காலத்தைக் கழித்துவிட்டார்கள். ஓய்வு பெறும் வருஷத்தில் மனை விலையைக் கேட்டதும் மயக்கம் வருகிறது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகள் புருஷன் பேரில்தான் கொடுக்கப்பட்டிருந்தன. அவர் உத்தியோகத்தில் இருக்கும்போதே காலமாகிவிட்டால், தாலியை இழந்தவள் துக்கத்தோடு கூட ஒரு கெடுவையும் சுமக்க வேண்டியிருந்தது. குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைத்தால் வீடு தப்பும். அப்படி வேலைக்குச் சேர்ந்து, தானே சம்பாதித்து, வீட்டைத் தன் பெயரில் பெற்றுக் குழந்தைகளை ஆளாக்கிய பெண்மணிகள் இத்தகைய கம்பெனி ஊர்களில் உண்டு. அவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

வேலிக்கு வெளியே

நெய்வேலி என்ற பெயரில் நெய் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, வேலி இருக்கிறது. க்வார்ட்டர்ஸ்காரர்களுக்குச் சொந்த ஊர் இல்லை என்று இதுவரை வருத்தப்பட்டோம். வேலிக்கு வெளியே இருப்பவர்களின் நிலை இதற்கு நேர் எதிர். இந்த வட்டங்களும் பள்ளங்களும் இருக்கும் இடம்தான் அவர்களுடைய சொந்த ஊர். அந்த ஊர்தான் இப்போது இல்லை.

சுரங்கத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் கிராமம் கிராமமாக நிலம் எடுத்தார்கள். முந்திரியும் பலாவும் விளைந்த புஞ்சைக்கு அந்தக் காலத்து விலை கொடுத்தார்கள். வேலை தருவதாகவும் சொன்னார்கள். சிலருக்குக் கிடைத்தது, பலர் ஒப்பந்தத் தொழிலாளிகளாகவே காலம் தள்ளினார்கள். ஒப்பந்தத் தொழிலாளி சுரங்கத்துக்குள் போகலாம். க்வார்ட்டர்ஸுக்குள் குடிபோவது அவரில் பெரும்பாலோருக்குக் கிடைக்காத பாக்கியம். பம்புகள் இறைக்க இறைக்க, ஒரு காலத்தில் தானே பொங்கிய ஊற்றுகளும் அடங்கின. சுரங்கத்திலிருந்து வரும் தண்ணீர் வாலாஜா ஏரி வழியாகச் சில வயல்களுக்குப் பாய்கிறது என்பதும் உண்மை. கிணறு வற்றியவனுக்கு அது ஆறுதல் ஆகுமா?

பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில், கதிர் வரும் பருவத்தில் நின்ற நெல் வயலில், கால்வாய் வெட்டும் வேலைக்காக மண் வாரும் யந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்றது நிறுவனம். அறுவடை வரை பொறுக்கக் கூடாதா என்று கேட்டார்கள் விவசாயிகள். சென்னை உயர் நீதிமன்றமும் தன் வேதனையைத் தெரிவித்தது. பச்சைப் பயிர் மண்ணுக்குள் போன படத்தைப் பத்திரிகையில் பார்த்துச் சோற்றில் கை வைக்க முடியாமல் போன வீடுகள் எத்தனையோ! நம் வீட்டு மின் விசிறி சுற்றுவதற்கும் அந்தப் படத்துக்கும் உள்ள சம்பந்தத்தை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இதற்கிடையில் வேலிக்கு உள்ளேயும் ஊர் சுருங்கிக் கொண்டு வந்திருக்கிறது. 2001-ம் வருஷக் கணக்கில் 1,28,133 பேர். பத்து வருஷம் கழித்து எண்ணிய போது 1,05,731 பேர். தமிழ்நாட்டில் எந்த ஊரை எடுத்தாலும் வீங்கிக் கொண்டே போகிற காலத்தில், இருபத்திரண்டாயிரம் பேரை இழந்த நகரம் இது. ஓய்வு பெற்றவர்கள் போகிறார்கள். அந்த அளவுக்குப் புதியவர்கள் வரவில்லை. ரஷ்யர்கள் உதவிக் கட்டிய முதல் மின் நிலையமும் 2020-ல் தன் வேலையை நிறுத்திக் கொண்டது. கம்பெனிக்கே இப்போது பெயர் வேறு; 2016 முதல் என்.எல்.சி. இந்தியா.

2011 டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலையில் கரை ஏறிய தானே புயலைக் கடலூர் ஜில்லாக்காரர்கள் மறக்க மாட்டார்கள். நெய்வேலியின் நிழல் மரங்களை அது ஒரே நாளில் சாய்த்துப் போட்டது. யார் வீட்டுப் பலா, யார் நட்ட மா என்று எழுதி வைத்திருந்தவர் யார்? எப்போதோ காலி செய்து போய்ச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருந்தவர்கள், "நம் வீட்டு மரம் இருக்கிறதா?" என்று டெலிபோனில் விசாரித்திருப்பார்கள். பத்திரம் இல்லாத பாத்தியதை அது.

காலி செய்கிற எல்லாரும் தொலை தூரம் போய்விடுவதில்லை. வேலியைத் தாண்டியதும் இருக்கும் வடக்குத்து, இந்திரா நகர் போன்ற இடங்களில் ஒரு மனையைப் பிடித்து வீடு கட்டிக் கொண்டவர்கள் அநேகர். "ஆஸ்பத்திரி பக்கம், சிநேகிதர்கள் பக்கம்" என்று காரணம் சொல்வார்கள். மெயின் பஜாருக்கு வந்து காய்கறி வாங்குவார்கள். 1998-ல் தொடங்கிய நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி நடந்த நாட்களில் பேரக் குழந்தையைக் கையில் பிடித்துக் கொண்டு வந்தவர்களில் இவர்கள் நிறையப் பேர். போகிற வழியில் பழைய வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பி, தாங்கள் இருந்த வீட்டை வெளியிலிருந்தே ஒரு பார்வை பார்ப்பார்கள். உள்ளே போவதற்கில்லை. வேறு யாருடைய கோலமோ வாசலில் இருக்கும்.

டவுன்ஷிப்புக்குள் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. வில்லுடையான்பட்டு என்பார்கள், வேலுடையான்பட்டு என்றும் சொல்வதுண்டு. முருகன் அங்கே வில்லேந்தி நிற்கிறார். கம்பெனிக்கும் வட்டங்களுக்கும் முந்தியவர் அவர். சுற்றியிருந்த கிராமங்களுக்கு நோட்டீஸ் வந்த போது அவருக்கு மட்டும் வரவில்லை. பங்குனி உத்திரத்தன்று சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் காவடி எடுத்துக் கொண்டும், பால் குடம் சுமந்து கொண்டும் டவுன்ஷிப் சாலைகள் வழியே அவரிடம் வருகிறார்கள். வட்டங்களில் இருப்பவர்கள் வாசலில் நின்று தண்ணீரும் மோரும் கொடுக்கிறார்கள். வட்டங்களைக் காலி செய்து போனவர்களும் அன்று கூட்டத்தில் இருப்பார்கள்.